அயலவர் சேர்ந்து மின்பாவனையையும் காபன் சுவட்டையும் குறைத்தல்: கொழும்புக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அயலவர் மின்குழு என்றால் என்ன?

ஒரே தொடர்மாடியிலோ ஒரே ஒழுங்கையிலோ வசிக்கும் எட்டுப் பத்துக் குடும்பங்கள் தங்கள் மின்மானிகளைத் தாங்களே வாசித்து, எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று கலந்து பேசி, தனி வீட்டால் இயலாத வேலைகளைச் சேர்ந்து செய்து முடிப்பதையே இங்கே குழு என்கிறோம். பதிவு, சந்தா, தலைவர் தெரிவு எதுவும் இதற்குத் தேவையில்லை. சனசமூக நிலையம், மாதர் சங்கம், தொடர்மாடியின் முகாமைத்துவக் குழு என்று ஏற்கெனவே ஓர் அமைப்பு இருந்தால் அதன் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கினாலே போதும். இங்கிலாந்தின் டொட்னஸ் நகரில் 2006 ஆம் ஆண்டு தொடங்கிய 'டிரான்சிஷன் டவுன்' என்னும் சுற்றுச்சூழல் இயக்கமும் பின்னர் இவ்வாறு ஒரே தெருவின் வீடுகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்தது. அங்கே வீட்டைச் சூடாக்குவதே பெருஞ்செலவு. கொழும்பில் வெக்கையைத் தணிப்பதும் தண்ணீரை ஏற்றுவதும் சமைப்பதுமே செலவு என்பதால் அவர்களுடைய பட்டியலை அப்படியே எடுத்து வைக்க முடியாது.

கட்டணம் ஏறினால் ஒவ்வொருவரும் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள். குழு எதற்கு?

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. அப்போது எல்லா வீடுகளும் குறைத்தன என்பது உண்மைதான். ஆனால் எதைக் குறைத்தன என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் படிக்கும் அறையின் விளக்கை அணைத்தவர்களும், வயதான பெற்றோர் படுத்திருக்கும் அறையில் மின்விசிறியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அதே வேளையில் கீழ்மாடியில் தண்ணீர்ப் பம்பி தாங்கி நிரம்பிய பின்னரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் அது எவருடைய தனி மின்பட்டியலிலும் வருவதில்லை. விலைக்குப் பயந்து தனியாகக் குறைப்பவர் கண்ணில் பட்டதைக் குறைப்பார். அளந்து பார்த்துச் சேர்ந்து குறைப்பவர்கள் வீண்போவதைக் குறைக்கலாம். குழுவின் தேவை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியாகிறது?

ஒரு வீட்டின் பாவனையால் வெளியாகும், புவியைச் சூடாக்கும் வாயுக்களின் மொத்த அளவையே காபன் சுவடு என்கிறோம். ஆண்டுச் சராசரியாக ஓர் அலகுக்கு (ஒரு கிலோவாட் மணிக்கு) ஏறக்குறைய அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் இது கூடும். லக்சபான, விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்கள் நிரம்பியிருக்கும்போது நீர்மின்சாரத்தின் பங்கு உயரும். அவை வற்றும்போது நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தையும், களனிதிஸ்ஸ, சப்புகஸ்கந்த போன்ற எண்ணெய் நிலையங்களையும் நாடு கூடுதலாக நம்ப வேண்டியிருக்கும். ஆகவே மலைநாட்டில் மழை குறைந்த மாதங்களில் கொட்டாஞ்சேனையில் மிச்சப்படுத்தும் ஓர் அலகுக்கு மதிப்பு அதிகம்.

மாலை 6.30 முதல் 10.30 வரையுள்ள நேரத்தை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்?

நாட்டின் உச்ச மின்தேவை அந்த நான்கு மணிநேரத்தில்தான் எழுகிறது. சூரியன் இறங்கிவிட்டபடியால் கூரைச் சூரியகலங்களிலிருந்து எதுவும் வராது; அதே வேளையில் விளக்கு, தொலைக்காட்சி, சோறாக்கும் சாதனம், அடுத்த நாள் பாடசாலைக்கான வெள்ளைச் சீருடைக்கு இஸ்திரிப் பெட்டி என்று எல்லா வீடுகளிலும் எல்லாம் ஒன்றாக இயங்கத் தொடங்கும். அந்தத் தேவையைத் தாங்குவதற்காகவே செலவு கூடிய எண்ணெய் நிலையங்களை இயக்க வேண்டியிருக்கிறது. மொத்தப் பாவனையில் ஒரேயோர் அலகைக்கூடக் குறைக்காமல், இஸ்திரிப் போடுவதைச் சனிக்கிழமை காலைக்கும் சலவை இயந்திரத்தை நண்பகலுக்கும் மாற்றினாலே நாட்டுக்குப் பயன் உண்டு. சாதாரண வீட்டுக் கட்டண முறையில் இதற்காகப் பட்டியலில் ஒரு சதமும் குறையாது. நேரத்துக்கேற்ற கட்டண முறையைத் தெரிவுசெய்தவர்களுக்கு மட்டுமே குறையும். பணத்தில் தெரியாத இந்தப் பயனுக்காகவும் குடும்பங்கள் உழைக்க வேண்டும் என்று நாங்கள் மனமார நம்புகிறோம்.

அப்படியானால் பகலில் தாராளமாகப் பாவிக்கலாமா?

பகலில் பாவிப்பது இரவில் பாவிப்பதைவிட மேலானது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் மின்சாரமின்றி ஆக்கியது பலருக்கு நினைவிருக்கும். விடுமுறை நாளாகையால் தேவை குறைந்திருந்தது; கூரைச் சூரிய மின்சாரம் நிறைய வந்துகொண்டிருந்ததால் மின்நிலையங்களில் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடின; அதிர்ச்சியைத் தாங்கும் வலு வலையமைப்புக்கு இருக்கவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைச் சூரிய மின் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படியும் மின்சார சபை கேட்டுக்கொண்டது. இத்தகைய நாட்களில் ஞாயிறு நண்பகலில் துணி துவைப்பதும் தண்ணீர் ஏற்றுவதும் வரவேற்கத்தக்கவை. ஆளில்லாத அறையில் குளிரூட்டியை ஓட விடுவதற்கு இதைச் சாட்டாகக் கொள்ளலாகாது.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

மின்மானியை வாசிக்கப் பழகுவதுதான். தொடர்மாடிகளில் மானிகள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். தம்முடையது எது என்று தெரியாதவர்கள் பட்டியலில் உள்ள மானி இலக்கத்தோடு ஒப்பிட்டுக் கண்டுகொள்ளலாம். ஞாயிறு மாலை ஒரே நேரத்தில் எல்லோரும் வாசிப்பை எழுதி வைத்தால், பட்டியல் வரும் வரை காத்திராமல் கிழமைக்குக் கிழமை மாற்றம் தெரியும்.

இரவுச் சோதனை ஒன்றும் உண்டு. படுக்கப்போகும் 11 மணிக்கும் விடிகாலை 5 மணிக்கும் மானியைப் பாருங்கள். மூன்று மின்விசிறிகளும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் மட்டும் ஓடும் வீட்டில் இரண்டு அலகுக்கு மேல் போக நியாயமில்லை. அதைவிடக் கூடினால் எங்கோ ஏதோ ஒன்று சும்மா மின்சாரத்தை இழுக்கிறது.

அது எது என்று கண்டுபிடிக்க இலக்க மானியின் முகப்பில் விட்டுவிட்டு ஒளிரும் சிறு சிவப்பு விளக்கு உதவும். ஓர் அலகுக்கு அது எத்தனை தடவை ஒளிரும் என்பது பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 1600 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஒளிர்வுகளுக்கு இடையில் 10 செக்கன்கள் ஆனால், அந்த நேரத்தில் வீடு 225 வாட் இழுக்கிறது என்று அர்த்தம். ஒருவர் மானியருகில் நிற்க, மற்றவர் வீட்டுக்குள் ஒவ்வொரு சாதனமாக நிறுத்திக்கொண்டு கைத்தொலைபேசியில் சொல்லிவர, கால்மணி நேரத்தில் முழு வீடும் விளங்கிவிடும். பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஆர்வத்தோடு செய்வார்கள்; அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

கொழும்பு வீடுகளில் எந்தச் சாதனம் அதிகம் செலவழிக்கிறது?

குளிரூட்டி இல்லாத வீட்டில், சுடுநீர்க் குளியல் சாதனம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 3,500 வாட் சாதனத்தில் ஒருவர் 10 நிமிடம் குளித்தால் 0.58 அலகு செலவாகும். நால்வர் தினமும் அப்படிக் குளித்தால் மாதம் 70 அலகு. காபன் கணக்கில் இது 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றை முழுதாக எரிப்பதற்கு ஏறக்குறைய ஈடு. கொழும்பில் குழாய்த் தண்ணீரே ஆண்டு முழுவதும் இளஞ்சூடாகத்தான் வருகிறது. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் ஒரு கேத்தல் வெந்நீரை வாளியில் கலந்து கொடுத்தால் போதும்.

அடுத்தது மின்விசிறி. ஒவ்வொன்றும் சிறிய சாதனம் என்பதால் எவரும் சந்தேகிப்பதில்லை. பழைய கூரை மின்விசிறி 75 வாட் அளவில் இழுக்கும். பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 22.5 அலகு, மூன்று விசிறிகளுக்கு 67.5 அலகு. பீ.எல்.டி.சி. என்று கடைகளில் சொல்லப்படும் புதிய வகை, அதே காற்றை 30 வாட் அளவில் தருகிறது. மூன்றையும் மாற்றினால் மாதம் ஏறக்குறைய 40 அலகு மிச்சம். எங்கள் அனுபவத்தில் கொழும்பு வீடு ஒன்று செய்யக்கூடிய முதலீடுகளில் இதற்கு நிகரானது குறைவு.

குளிர்சாதனப் பெட்டியைப் பொறுத்தவரை கதவின் இறப்பர் விளிம்பைச் சோதியுங்கள். ஒரு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடங்கலின்றி வந்துவிடக் கூடாது. வந்தால் குளிர் வெளியேறுகிறது. சிறிய சமையலறைகளில் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே சாக்குப்பை, தட்டு முட்டு எல்லாவற்றையும் அடுக்கி வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். பின்புறத்துக்குக் காற்று வேண்டும்.

மின்குமிழ்களை எல்.ஈ.டி.க்குப் பெரும்பாலானோர் மாற்றிவிட்டார்கள். அதைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

நுளம்பு வலையைப் பற்றி ஏன் குழுவில் பேசுகிறார்கள்?

கொழும்பில் வெக்கைக்கும் நுளம்புக்கும் தொடர்பு உண்டு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மாலையானால் கடற்காற்று வீசும். ஆனால் டெங்குப் பயத்தால் ஐந்தரை மணிக்கே யன்னல்களைச் சாத்திவிடுகிறோம். பகல் முழுதும் மேற்குச் சுவரில் ஏறிய சூடு அறைக்குள் அடைபட, மின்விசிறி வேகமாகச் சுழல்கிறது, வசதியுள்ளவர் குளிரூட்டியைப் போடுகிறார். யன்னலுக்கு வலை அடித்தால் காற்று வரும், நுளம்பு வராது. பிற்பகல் வெயிலுக்கு மேற்கு யன்னலைத் திரையிட்டு, வெயில் இறங்கியதும் வலையோடு திறந்துவிடுவது, பல வீடுகளில் இரவு எட்டு மணி வரை குளிரூட்டியைத் தள்ளிப்போட வைத்திருக்கிறது. பத்து வீடுகள் சேர்ந்து ஒரே தச்சரைக் கொண்டு அளவெடுத்துச் செய்வித்தால் விலையும் குறையும். நகரச் சூழலில் வேறெதையும்விட இந்த எளிய வலையைத்தான் நாங்கள் வலியுறுத்துவோம்.

குளிரூட்டி வைத்திருப்பவர்கள் குழுவில் சேரலாமா?

அவர்கள்தான் அவசியம் சேர வேண்டும். 26 பாகை செல்சியஸில் வைத்து மெதுவாக மின்விசிறியையும் ஓட விடுங்கள். ஒவ்வொரு பாகை உயர்த்தலுக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது இந்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு.

பட்டியலில் தெரியாத இன்னொரு கேடும் உண்டு. குளிரூட்டிக்குள் இருக்கும் வாயு கசிந்தால், ஆர்-410ஏ வகையில் ஒரு கிலோ, ஏறக்குறைய 2,000 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெப்பமூட்டலைத் தருகிறது. ஆர்-32 வகை அதில் மூன்றிலொரு பங்கு. கடலோரத்தில் உப்புக்காற்று வெளிப்புறப் பாகத்தின் செப்புக் குழாய்களையும் தகடுகளையும் அரித்துவிடுவதால் கசிவு இங்கே சாதாரணமாக நேரும். ஆண்டுதோறும் வந்து 'கேஸ் அடித்துவிட்டு'ப் போகிற திருத்துநரிடம், கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். நல்ல நிலையிலுள்ள குளிரூட்டிக்குப் புதிதாக வாயு தேவைப்படுவதில்லை.

எரிவாயுவை விட்டு மின்னடுப்புக்கு மாறினால் காபன் குறையுமா?

இன்றைய நிலையில் தானாகக் குறைந்துவிடாது. எரிவாயு அடுப்பில் பாதியளவு சூடுதான் சட்டிக்குப் போகிறது. இன்டக்சன் அடுப்பில் பெரும்பங்கும் போகிறது. ஆனால் ஓர் அலகு மின்சாரத்துக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்னும் கணக்கில் பார்த்தால், உச்ச நேரத்தில் இன்டக்சனில் சமைப்பது எரிவாயுவைவிடச் சற்றுக் கூடுதலான காபனையே வெளியிடும். பகலில், சூரிய மின்சாரம் வரும் நேரத்தில் சமைத்தால் நிலைமை மாறும். 2030 ஆம் ஆண்டில் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்ற நாட்டின் இலக்கு நிறைவேறினால் மின்னடுப்பே மேலாகிவிடும்.

எந்த அடுப்பானாலும் பருப்பையும் கடலையையும் ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் அவிப்பதும், கொதி வந்ததும் நெருப்பைத் தணிப்பதும், இடியப்பத் தட்டுகளை ஒரே நீராவியில் அடுக்கடுக்காக அவிப்பதும் எரிபொருளை மிச்சப்படுத்தும். தேநீருக்கு ஒரு தடவை கொதிக்க வைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைப்பதை எங்கள் தாய்மார் அந்தக் காலத்திலேயே செய்தார்கள்.

சில அலகுகள் குறைந்தால் பட்டியலில் பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது?

வீட்டுக் கட்டணம் அடுக்கு முறையில் அமைந்தது. மாதப் பாவனை கூடக் கூட மேலதிக அலகுகளின் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் உயரும்; 60 அலகைத் தாண்டினால் முதல் 60 அலகுகளுக்கும்கூட உயர்ந்த விலை வந்துவிடும். அதற்குமேல் 90, 120, 180 என்று எல்லைகள் உள்ளன. விலைகளைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அவ்வப்போது மாற்றுவதால் இங்கே ரூபாயில் எழுதவில்லை. 130 அலகு செலவழித்த குடும்பம் மின்விசிறிகளை மாற்றி 90க்கு இறங்கினால், விலை கூடிய அலகுகளே முதலில் கழியும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழுவில் சேர்வோரில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள். உப மானி வைத்து, எத்தனை அலகானாலும் ஒரே விலையில் வீட்டுக்காரர் அறவிடும் இடங்களில், குறைந்த அடுக்கின் நன்மை வாடகைக்காரருக்குக் கிடைப்பதில்லை. இது அநீதியானது. மூலப் பட்டியலைப் பார்த்துப் பங்கிட்டுக் கொடுப்போம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்றே நினைக்கிறோம்; ஒருவர் தனியாகக் கேட்பதைவிட அயலிலுள்ள நாலு வாடகைக்காரர் பணிவோடு சேர்ந்து கேட்டால் காது கொடுக்கிறார்கள். மின்விசிறியைச் சொந்தமாக வாங்கி மாட்டினால் வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பழையதைக் கவனமாக எடுத்து வைத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

தொடர்மாடியின் பொதுச் செலவை எப்படிக் குறைப்பது?

கீழ்த்தாங்கியிலிருந்து மொட்டைமாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பியில் தொடங்குங்கள். ஒரு குதிரைவலுப் பம்பி, மேல்தாங்கி வழிந்த பிறகும் தினம் ஒரு மணிநேரம் ஓடினால் மாதம் 30 அலகு வரை வீணாகும். காசு கொடுத்து வாங்கிய குழாய் நீரும் மழைநீர்க் குழாயில் போய்விடும். மிதவைச் சுவிச் ஒன்றைப் பொருத்தினால் அது நின்றுவிடும். நேரக் கட்டுப்பாட்டுச் சுவிச்சும் சேர்ந்தால் பம்பியை நண்பகலில் மட்டும் ஓட விடலாம். மாடிப்படி விளக்குகளுக்கு ஆளசைவை உணரும் சுவிச் போதும், ஆனால் முதியோர் நடமாடும் படிக்கட்டுகளில் ஒரு சிறு விளக்காவது இரவு முழுதும் எரிய வேண்டும். மின்தூக்கியைப் பற்றிப் பெரும் விவாதங்கள் நடக்கும். பம்பியின் வீணோடு ஒப்பிடுகையில் அதில் பிடிக்கக்கூடியது கொஞ்சம்தான்.

கூரைச் சூரிய மின்சாரம்?

2016 இல் தொடங்கிய சூரியபல சங்கிராமய திட்டத்துக்குப் பின் தனி வீடுகளில் இது பரவலாகிவிட்டது. ஒரு கிலோவாட் தொகுதி மாதம் 100 முதல் 120 அலகு வரை தரும். தொடர்மாடியில் கூரை எல்லோருக்கும் பொதுவானதால், பொது மானியோடு இணைத்துப் பம்பி, மின்தூக்கி, விளக்குச் செலவைக் குறைப்பதே சச்சரவில்லாத வழி. அதற்கு, வீட்டு உரிமையாளர்களின் அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் தீர்மானம் வேண்டும். கடலோரக் கட்டடங்களில் தாங்கும் சட்டகங்கள் துருப்பிடிக்காத வகையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆயினும் வீண்செலவை முதலில் நிறுத்திய பிறகு சூரிய மின்சாரத்தை யோசித்தால் சிறிய தொகுதியே போதுமானதாக இருக்கும்.

புதிய மின்விசிறிக்குக் கையில் பணம் இல்லாதவர்கள்?

சீட்டுப் பிடிக்கலாம். பத்துக் குடும்பங்கள் மாதாமாதம் சம தொகை போட்டு, மாதம் ஒரு வீட்டுக்கு மின்விசிறிகளை வாங்கிக் கொடுத்துவிட்டால், பத்தாவது மாதத்தில் எல்லா வீடுகளும் மாறிவிடும். ரொக்கமாகக் கொடுப்பதைவிடப் பொருளாகக் கொடுப்பது நோக்கம் பிசகாமல் காக்கும். அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் முறை கொடுப்பதா, வருமானம் குறைந்த வீட்டுக்கா என்ற கேள்வி வரும். வருமானம் குறைந்த வீட்டுக்கே என்பது எங்கள் நிலைப்பாடு.

ஒவ்வொரு வீட்டின் பாவனையையும் அறிவித்தல் பலகையில் ஒட்டலாமா?

வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்னும் ஊரில் செய்யப்பட்டு 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், அயலின் சராசரிப் பாவனை எவ்வளவு என்று வீடு வீடாகத் துண்டில் எழுதி அறிவித்தார்கள். சராசரிக்கு மேல் இருந்த வீடுகள் குறைத்தன. ஆனால் சராசரிக்குக் கீழ் இருந்தவை தமக்கு இன்னும் இடமுண்டு என்று எண்ணியோ என்னவோ, கூட்டிவிட்டன. துண்டில் ஒரு சிரித்த முகத்தையும் வரைந்து பாராட்டியபோது அந்த அதிகரிப்பு நின்றது. ஆகவே குறைந்த பாவனையைக் கண்டால் மனதாரப் பாராட்டுங்கள். தனி வீட்டின் எண்ணிக்கையை அந்த வீட்டாரே விரும்பிச் சொன்னால் ஒழிய வெளியிடாதீர்கள். வீட்டில் எத்தனை பேர், எப்போது ஆளில்லை என்பதெல்லாம் மின்கணக்கில் தெரிந்துவிடும்.

மிகக் குறைவாகப் பாவிக்கும் வீடுகளும் குறைக்க வேண்டுமா?

மாதம் 60 அலகுக்குள் வாழும் குடும்பத்தை இன்னும் குறைக்கச் சொல்வது முறையாகாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளைக்குப் படிக்க வெளிச்சம் போதுமா, தாத்தாவுக்கு இரவில் காற்று வருகிறதா என்பதுதான். நாட்டின் உச்சத் தேவையை உயர்த்துவது அவர்களல்லர். குழுவின் இலக்கு 120 அலகுக்கு மேலுள்ள வீடுகளே.

பயணமும் குப்பையும் இதில் அடங்குமா?

காபன் சுவட்டில் அடங்கும். ஒரு லீற்றர் பெற்றோல் 2.3 கிலோ அளவில் காபனீரொட்சைட்டை வெளியிடுகிறது. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களும் கரையோர ரயிலும் இருக்க, கோட்டை வரை தனியொருவர் காரில் போவதை நியாயப்படுத்துவது கடினம். சமையலறைக் கழிவு குவிந்து அழுகும்போது மீதேன் உண்டாகிறது. 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்த நகரம் இது. மொட்டைமாடியில் இரண்டு கூட்டெருத் தொட்டிகள் வைப்பது நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்த கடமை. ஆயினும் குழுவின் முதல் ஆறு மாதங்களில் மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்ட குழுக்கள் விரைவில் களைத்துவிடுகின்றன.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை கூட வேண்டும்? யார் கணக்கெழுதுவது?

மாதம் ஒரு ஞாயிறு மாலை, அரைமணி நேரம் போதும். கணக்கெழுதும் பொறுப்பை மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று மாற்றுங்கள். வீட்டுப் பட்டியலை நன்றாக அறிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூட்டம் வைக்கும் நேரம் அவர்கள் இரவுச் சமையலுக்குள் போக முந்தியதாக, ஐந்து மணியளவில் இருக்கட்டும். முதல் கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் கடந்த ஆண்டின் பட்டியல்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏப்ரல் மாத வெக்கைக்கும் மழைக்கால மாதங்களுக்கும் பாவனை பெரிதும் மாறுவதால், போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.